உருகியதால் உருக்கு

திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகத்திலிருந்து சாலைக் கடைத்தெரு நடந்து போகும் தூரம்தான். அங்கே இரும்புக் கடையில் மலையாளம் பேசுகிறவர்கள் எஃகை உருக்கு என்றுதான் கேட்டு வாங்குவார்கள். திருவனந்தபுரத்துத் தமிழர்களான எங்களுக்கும் அது பழகிய சொல். தமிழ் அகராதிகளிலும் உருக்கு என்பதற்கு எஃகு என்ற பொருள் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் அதுவே உக்கு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊட்ஸ் என்ற உருமாறிய பெயரோடு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் இந்த உக்குதான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. உலோகவியலைத் தொழிலாகக் கொண்டவனால் இந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது. ஏனென்றால் பழைய உலைகளில் செம்பு உருகியது, ஈயம் உருகியது, பொன் உருகியது. இரும்பு மட்டும் உருகவில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். தாதிலிருந்து இரும்பு எடுக்கும் சிறிய கரியுலை 1200 பாகையை ஒட்டித்தான் வேலை செய்யும். வார்ப்பிரும்பை வெகு காலத்துக்கு முன்பே கண்ட சீனத்தை விட்டுவிட்டால், பழைய உலகம் பெரும்பாலும் உருகாத இரும்பைக் கொண்டே ஏர் உழுதது, போர் செய்தது. அப்படியிருக்க, உருகியது என்று பொருள்படும் ஒரு பெயர் எஃகுக்கு எப்படி வாய்த்தது? பெயர் பொய் சொல்லவில்லை என்பதே என் வாதம். தென்னாட்டுக் கொல்லர்கள் கார்பனை அளந்து இரும்புக்குள் ஏற்றி, அந்த இரும்பை உண்மையாகவே உருக்கி எடுத்தார்கள். நம் இரும்பின் பெருமையை ஆண்டுக்கணக்கில் தேடுவதைவிட இந்தச் செயலில் தேடுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலில் உருகாத இரும்பைப் பார்க்கலாம். உலையில் கரியையும் தாதையும் மாற்றி மாற்றிப் போட்டுத் துருத்தியால் ஊதினால், கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது தாதிலிருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சிய இரும்பு திடமாகவே, கடற்பஞ்சு போலப் பொந்துகளோடு உலையடியில் திரள்கிறது. தாதோடு வந்த மணற்கூறு இரும்பு ஆக்சைடில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பாகாக இளகி வடிகிறது. அதுதான் கிட்டம், சிட்டம் என்றும் சொல்வார்கள். இரும்பைப் பெற இரும்பையே விலையாகக் கொடுக்கும் முறை இது. பழைய கிட்டத்தைப் பகுத்துப் பார்த்தால் எடையில் பாதியளவு இரும்பு இருப்பது வழக்கம். வைத்தியர்கள் இதை வீணாக்கவில்லை. மண்டூரம் என்றும் புராணகிட்டம் என்றும் பெயரிட்டுச் சோகைக்கு மருந்தாக்கினார்கள். நூறாண்டு மண்ணில் கிடந்த கிட்டமே உயர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. உலையிலிருந்து எடுத்த பஞ்சிரும்பைக் கொல்லன் சூட்டோடு சம்மட்டியால் அடித்து, உள்ளே சிக்கிய கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றுவான். எவ்வளவு அடித்தாலும் முழுவதும் வெளியேறாது. மிஞ்சியது இழையிழையாக நீண்டு இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். அந்த இழைதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான தடயம்.

எங்கள் தொழிலில் ஒரு பழம்பொருளை விசாரிக்கும் முறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. கடுகளவு துண்டு வெட்டி, பிசினில் பதித்து, சொரசொரப்பான தாளில் தொடங்கி மேலும் மேலும் மென்மையான தாள்களில் தேய்த்து, கடைசியில் அலுமினாத் தூளில் மெருகேற்றினால் முகம் தெரியும் கண்ணாடியாகிவிடும். ஆல்கஹாலில் நூற்றுக்கு இரண்டு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்து, சில நொடிகள் அதில் காட்டி எடுக்க வேண்டும். மூச்சுப் பட்ட கண்ணாடி போல மேற்பரப்பு மங்கும். நுண்ணோக்கியில் இருநூறு மடங்கில் வைத்தால் இரும்பு தன் பிறப்பைச் சொல்லத் தொடங்குகிறது. கார்பன் இல்லாத இடம் வெள்ளை மணிகளாகத் தெரியும். கார்பன் ஏறிய இடம் விரல் ரேகை போல வரிவரியாக இருக்கும். இரும்புத் தகடும் இரும்புக் கார்பைடுத் தகடும் மாறி மாறி அடுக்கிய பியர்லைட் அது. ஏறத்தாழ 0.8 சதவீதக் கார்பனில் பரப்பு முழுவதும் ரேகையாகிவிடும். அதற்கும் மேலே போனால் மிஞ்சிய கார்பைடு, மணிகளின் எல்லைகளில் வெள்ளை வலையாகப் படரும். பஞ்சிரும்பை அடித்துச் செய்த பொருளில் கிட்டத்தின் கருத்த இழைகள் அடித்த திசையிலேயே நீண்டு கிடக்கும். கொல்லன் எந்தப் பக்கம் திருப்பித் திருப்பி அடித்தான் என்பதைக்கூட அவை காட்டிக்கொடுக்கும். உருகி உறைந்த எஃகில் இந்த இழைகள் இருக்காது. உருகிய இரும்பில் கிட்டம் எண்ணெய் போல மேலே மிதந்து ஒதுங்கிவிடுவதே காரணம். ஆக, கார்பன் மிகுந்து கிட்ட இழை இல்லாத ஒரு பழைய எஃகு கையில் கிடைத்தால், அது உருகிப் பிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

உருக்கிய விதம் எழுத்திலும் பதிவாகியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டுவாக்கில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பகுதியில் தாம் கண்ட முறையை 1839இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் விவரித்தார். இரும்பைச் சிறு துண்டுகளாக்கி மண் மூசையில் போடுகிறார்கள். கூடவே எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ந்த ஆவாரங்குச்சி. அதன்மேல் ஓரிரு பச்சை எருக்கிலை. வாயைப் பிசைந்த களிமண்ணால் இறுக அடைத்துக் காயவைக்கிறார்கள். இப்படி 20 முதல் 24 மூசைகளைச் சிறிய ஊதுலையில் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுகிறார்கள். ஆறியதும் மூசையை உடைத்தால் உள்ளே பாதி முட்டை வடிவில் ஓர் எஃகுக் கட்டி. இதில் எந்தப் படியும் வீண் சடங்கல்ல. ஆவாரங்குச்சி உள்ளே கரியாகி இரும்புக்குக் கார்பன் கொடுக்கிறது. இலை வெளியிடும் வாயு உள்ளிருக்கும் காற்றைத் துரத்துகிறது. களிமண் மூடி ஆக்சிஜனை உள்ளே விடாமல் காக்கிறது. கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. 1.5 சதவீதம் ஏறிய எஃகு 1430 பாகை அளவிலேயே முழுதும் நீராகிவிடும். தூய இரும்பை ஒப்பிட நூறு பாகைக்கும் மேலான சலுகை. அந்தச் சலுகைதான் துருத்தியால் எட்ட முடியாத இடத்தைத் துருத்தியால் எட்ட வைத்தது. அன்றைய தென்னார்க்காட்டுப் பகுதியைச் சேர்ந்த மேல்சிறுவலூரில் இந்தத் தொழிலின் மூசை ஓடுகளைக் கண்டறிந்து, 1990களில் அவற்றின் ஆய்வை வெளியிட்டவர் சாரதா சீனிவாசன். ஓட்டின் வெளிப்புறம் உலைச் சூட்டில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகப் பளபளக்கும். உடைந்த முகம் கரிக்கட்டி போலக் கறுப்பு. அந்தக் கறுப்பு உமியுடையது. களிமண்ணோடு உமியை நிறையப் பிசைந்து மூசை செய்தார்கள்; உமி கரிந்து கார்பனையும் மணற்கூறையும் சுவருக்குள்ளேயே விட்டுச்சென்றது. நெல் விளையும் நாட்டில்தான் இப்படி ஒரு மூசை தோன்ற முடியும்.

இதெல்லாம் தற்செயல், ஏதோ ஓர் உலையில் கார்பன் அதிகமாகி எஃகு விழுந்திருக்கும், அதைப் பிற்காலத்தார் பெரிதாக்குகிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. சாதாரண உலைக்கு இது பொருந்தும். பஞ்சிரும்பின் ஒரு மூலையில் கார்பன் ஏறி எஃகாவது உலகெங்கும் நடந்திருக்கிறது. கொல்லன் அந்த மூலையைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறான். மூடிய மூசைக்கு அந்த விளக்கம் நிற்காது. மூசை செய்யத் தனி மண் வேண்டும், உமி வேண்டும், ஒரே அளவு வேண்டும், மூடி வேண்டும். ஏற்கெனவே எடுத்த இரும்பை மறுபடி உள்ளே வைத்து இரண்டாம் முறை கரி செலவழிக்க வேண்டும். விறகும் உழைப்பும் இரட்டிப்பாகும் ஒரு வேலையைப் பலன் தெரியாமல் யாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்ய மாட்டார்கள். அதுவும் ஓரிடத்தில் மட்டும் நடக்கவில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் சங்ககாலத் தொழிற்கூடத்தின் உலைகளை வெளிக்கொணர்ந்தன. தெலங்கானாவில் நிர்மல் பக்கத்துக் கோனசமுத்திரம் பாரசீக வணிகர்கள் தேடி வந்த ஊர். இலங்கையில் சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கிய உலைகளை ஜில்லியன் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். அவை மூசை உலைகள் அல்ல. ஆனால் மேற்கு நோக்கிய அந்த உலைகளில் கார்பன் மிகுந்த எஃகே நேரடியாகக் கிடைத்தது. மூசையில் எஃகு உருக்கும் வழக்கமும் அதே தீவில் இருந்தது. ஆனந்த குமாரசுவாமி அதை 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். வழிமுறை ஊருக்கு ஊர் வேறு. எட்ட நினைத்த பொருள் ஒன்று. நோக்கம் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கார்பன் என்ற தனிமமே தெரியாதவர்கள் கார்பனைக் கட்டுப்படுத்தினார்கள் என்பது எப்படி? அது வெறும் கைப்பழக்கம்தானே, அறிவாகுமா? இதற்கு விடை லண்டனிலேயே இருக்கிறது. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய ஊட்ஸ் கட்டிகள் லண்டன் அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் கைக்கு வந்தன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அவற்றை ஆராய்ந்து, எஃகோடு சேர்ந்த ஆக்சிஜன்தான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று கருதினார். 1819இல் மைக்கேல் ஃபாரடே பகுத்தார்; அவரே ஒரு கொல்லரின் மகன். அவர் அலுமினியத்தின் மீது சந்தேகம் கொண்டார். டேவிட் மஷெட்டும், 1820களில் பாரிஸில் பிரெயானும்தான் கார்பன் மிகுதியே காரணம் என்ற சரியான இடத்துக்கு வந்தார்கள். தராசும் அமிலமும் தனிமப் பட்டியலும் கையில் இருந்தவர்களுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்த ஒன்றை, ஆவாரங்குச்சியை எடைபோட்டுச் சேர்த்தவர்கள் பொருளளவில் அறிந்திருந்தார்கள். எவ்வளவு சேர்த்தால் என்ன கிடைக்கும், அதிகமானால் எப்படித் திருத்துவது என்பது அவர்களுக்குத் தெரியும். கட்டியைக் கரி நெருப்பில் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வைத்துப் பல மணி நேரம் காற்றில் புரட்டி, மிகையான கார்பனை எரித்துப் போக்கினார்கள் என்றும் ஹீத் எழுதியிருக்கிறார். மிகுந்ததை அளவறிந்து குறைப்பவனிடம் அறிவு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிக்கும் சூடு இன்னொரு சான்று. ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் ஊட்ஸை வழக்கம்போல வெண்சூட்டில் வைத்து அடித்தார்கள். அது மண்ணாங்கட்டி போல உதிர்ந்தது. குறை கட்டியில் இல்லை. கார்பனும் பாஸ்பரசும் மிகுந்த எஃகில், மணிகளின் எல்லையில் ஒதுங்கிய கலவை முன்னதாகவே இளகிவிடும். சுவரின் சாந்து கரைந்தால் செங்கல் நிற்குமா? இந்த எஃகைச் சிவப்புச் சூட்டிலேயே, பொறுமையாக, மறுபடி மறுபடி காய்ச்சி அடிக்க வேண்டும். லண்டன் கத்தித் தொழிலாளி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் குறைந்த சூட்டில் அடித்துப் பார்த்து இதை உணர்ந்தார்; பிறகு தம் கடையின் விளம்பர அட்டையிலேயே ஊட்ஸைப் புகழ்ந்தார். சூட்டை நிறத்தால் அளப்பது பட்டறைக்காரர்களுக்கு இன்றும் கைவந்த கலை. செர்ரிச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில் நூறு பாகைக்கு மேல் இருக்கிறது. அந்த நூறு பாகைக்குள்தான் வாளும் உதிரித்தூளும் பிரிகின்றன.

டமாஸ்கஸ் வாள்களில் நீரலை போல ஓடும் கோலத்தைப் பற்றி வேறொரு வாதம் வரும். அது கொல்லன் திறமையல்ல, தாதின் அதிர்ஷ்டம் என்பது அது. இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். 1998இல் வெர்ஹோவன், பென்ட்ரே, டௌக்ஷ் மூவரும் வெளியிட்ட ஆய்வு, வனேடியம் போன்ற தனிமங்கள் பத்து லட்சத்தில் 40 பங்கு அளவுக்கு இருந்தாலே கார்பைடுகள் வரிசையாக அணிவகுக்கும் என்று காட்டியது. எல்லாத் தாதிலும் அது இருப்பதில்லை. அந்தத் தாது தீர்ந்தபோது கோலமும் போயிருக்கலாம். ஆனால் கோலம் வேறு, எஃகு வேறு. வனேடியம் இல்லாத மூசை எஃகும் மூசை எஃகுதான். அதன் கூர்மைக்கும் உறுதிக்கும் காரணம் கார்பன். கோலம் கண்ணுக்கு எளிதில் படுவதால் அதையே சாதனையாகப் பேசும் பழக்கம் வந்துவிட்டது. அதனால் அதிர்ஷ்டம் என்ற வாதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. தொழில் ஏன் மறைந்தது என்பதற்கும் மர்மமான காரணம் தேவையில்லை. மூசைக்கு ஒரு கட்டி என்று செய்யும் தொழில், பெஸ்ஸமர் 1856இல் அறிவித்த முறையோடு விலையில் போட்டியிட முடியாது. கரிக்கு வேண்டிய காடு, 1865, 1878 இந்திய வனச் சட்டங்களாலும் 1882 சென்னை வனச் சட்டத்தாலும் கைநழுவிப் போனது. கரி இல்லாத உலை எத்தனை நாள் எரியும்?

இப்போது தொன்மைக்கு வருகிறேன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, சிவகளை அகழாய்வில் கிடைத்த முதுமக்கள் தாழிகளின் கரித்துண்டுகள் வழியே இரும்பின் காலத்தைப் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை கொண்டுபோனது. அதற்கு முன்பே மயிலாடும்பாறை பொ.ஆ.மு. 2172 என்று சொல்லியிருந்தது. நானும் மகிழ்கிறேன். ஆனாலும் என் தொழில் சில கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. கரித்துண்டின் காலம் மரம் வளர்ந்த காலம். தாழி புதைத்த காலம் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம். அதே சிவகளையில் ஒரு தாழியின் நெல் பொ.ஆ.மு. 1155 என்று காட்டியது. வேறு வேறு தாழிகள் வேறு வேறு காலத்தவையாக இருப்பது இயல்பே. ஆகவே இதை முரண் என்று நான் சொல்லவில்லை. பொருளோடு கிடந்த கரியின் வயதைவிடப் பொருளின் சொந்த வயதே நம்பத்தக்கது என்கிறேன். எஃகுக்கு அந்த வயது உண்டு. அதற்குள் இருக்கும் கார்பன் உலைக் கரியிலிருந்தோ மூசையிலிட்ட குச்சியிலிருந்தோ ஏறியது. அதைப் பிரித்தெடுத்துக் கரிமக் கணிப்பு செய்ய, இன்றைய முடுக்கி நிறை நிறமாலைமானிக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். ஒன்றரைச் சதவீதக் கார்பன் உள்ள எஃகில் அது நூறு மில்லிகிராமுக்குள் கிடைத்துவிடும். அளவில் ஓர் அரிசிமணிக்கு மேல் போகாது. ஆதிச்சநல்லூர் இரும்பைப் போல முழுக்கத் துருவேறியவற்றிலும் சில சமயம் கார்பைடின் எச்சம் துருவுக்குள்ளேயே உருக்குலையாமல் நிற்கும். மேலும், ஓர் ஊரில் இரும்புப் பொருள் கிடைத்தால் அங்கே இரும்பு பயன்பட்டது என்பது மட்டுமே உறுதி. அங்கே இரும்பு பிறந்தது என்று சொல்லக் கிட்டமும் உலையும் துருத்திக் குழாயும் வேண்டும். காலக் கணக்கைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை எவரும் அசைக்க முடியாதபடி நிறுத்த இதுவே வழி.

கேரளத்துக்கு இதில் என்ன பங்கு என்று இங்கே அக்கம்பக்கத்தார் கேட்பது நியாயமே. ஸ்ரீவராகத்தின் பழைய மதில்கள் வெட்டுக்கல்லால் ஆனவை. அந்தச் செம்மை முழுவதும் இரும்பு ஆக்சைடு. இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்த பிரான்சிஸ் புக்கானன், 1800-01இல் மலபாரில் அங்காடிப்புரம் பக்கம் அதைக் கண்டுதான் பெயரிட்டார். மதிலிலேயே இரும்பு இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கருமணலிலும் இரும்பு இருக்கிறது. தாது மட்டும் போதுமென்றால் இந்தக் கரையெங்கும் உலை எரிந்திருக்க வேண்டும். வெட்டுக்கல்லில் அலுமினா மிகுதி, கருமணலில் டைட்டானியம் மிகுதி. இரண்டும் கிட்டத்தைக் கெட்டியாக்கி வடியவிடாமல் செய்பவை. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் காந்தத் தாதில் பெரும்பாலும் மணற்கூறுதான் துணையாக வரும், கிட்டம் நன்றாக இளகும். சேலத்துக்கு இருந்த வசதி அது. உமியும் ஆவாரையும் எருக்கும் கரியும் அறிந்த கைகளும் அதோடு சேர்ந்தபோதுதான் உருக்கு பிறந்தது.

உருக்கு பிறந்த அந்த இடங்களில் பல இன்று வயலும் மனையுமாகின்றன. கிட்டமேடுகளைச் சமன்செய்துவிடுகிறார்கள், மூசை ஓட்டைப் பானை ஓடு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. கிட்டம் கையில் கனக்கும், வழிந்த பாகின் மடிப்புகள் அதில் தெரியும். மூசை ஓடு இலேசானது. வெளியே பச்சையோ கறுப்போ ஆன கண்ணாடிப் பூச்சு, உடைந்த இடத்தில் உமிக் கறுப்பு. எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கழுவாமல் ஒரு பையில் போட்டு, மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுக்கலாம். கொடுக்கும் முன் அதன் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்படும். உருகிய எஃகின் மேல் மிதந்த கிட்டம் சுவரில் ஒட்டி உறைந்தது அது. எஃகு அந்த மட்டம் வரை நீராக நின்றிருந்தது.